சமுதாயக் கூடத்தில் பெய்த மழை

ஈரமுடியில் அந்த வருஷம் பங்குனி வெயில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிக்கொண்டிருந்த நாளில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள சமுதாயக் கூடத்தின் கிழக்குச் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள் மழை பிடித்துக்கொண்டது. கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிற முத்துராக்குதான் முதலில் பார்த்தாள். தரையில் தண்ணீர் தேங்கிக் கிடப்பதைக் கண்டு ஓடு ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்தாள், ஓடு காய்ந்து கிடந்தது, வெளியே வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை, அதற்குப் பிறகுதான் படத்தைப் பார்த்தாள். படத்தில் நின்ற வெடிப்பலா மரத்தின் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டி, சட்டத்தின் கீழ் விளிம்பில் கோத்து நின்று, சுவர் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் சாக்கை எடுத்து வந்து துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள், மறுபடி பிழிந்தாள். பிறகு சாக்கை அங்கேயே போட்டுவிட்டுப் படம் எடுத்தவளைக் கூப்பிடப் போனாள்.

படம் எடுத்தவள் பியூலா. உம்மர் காக்காவின் டீக்கடைக்கு மேலே இருந்த வாடகை அறையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டாக்கா, ஒங்க படம் ஒழுகுது. வந்து என்னன்னு பாருங்க."

பியூலாவுக்கு ஆச்சரியம் வரவில்லை. ஆச்சரியப்படுவதற்கு வேண்டிய தெம்பை அவள் எப்போதோ செலவழித்துவிட்டிருந்தாள். ஒரு பெருமூச்சு விட்டு, படிக்கட்டில் ஒவ்வொரு காலாக இறக்கி வைத்து இறங்கி வந்தாள். படத்தின் முன்னால் நின்று, வழிகிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். மக்கின இலையின் ருசி.

"கூந்தப்பனைச் சோலை மழைதான்" என்றாள், அடுத்த அறையில் பேசுகிற ஆளின் குரலை அடையாளம் சொல்வதைப் போல.

"எடுத்து வெளிய வெயில்ல காயப் போட்டா என்னக்கா?"

"அது காயாது ராக்கு. அந்தச் சோலையில எதுவுமே காயாது."

ஐம்பத்து மூன்று வயதில் பியூலாவுக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. வெட்டப்போகிற மழைக்காடு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போய், வெட்டுவதற்கு முன்னால் அதைப் படம் எடுப்பது. புலி எடுக்கமாட்டாள், யானை எடுக்கமாட்டாள், பறவையும் எடுக்கமாட்டாள். ஆள் நிற்கிற உயரத்தில் காமிராவை நிறுத்தி, மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு உலை கொதிக்கிற நேரம் வரைக்கும் அசையாமல் நின்று, மரங்களையும் அவற்றுக்கு நடுவில் இறங்குகிற மழையையும் எடுப்பாள். அதைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக அச்சடித்துத் தரையை ஒட்டி மாட்டுவாள், பார்க்கிறவனுக்குத் தன் கால் சருகுக்குள் புதைந்திருப்பதுபோல இருக்கும். நகரத்து ஏசி அறைகளில் அந்தப் படங்கள் தொங்கின. ஆட்கள் வந்தார்கள், "காட்டுக்குள்ளேயே நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்கள், சமோசா சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். வடக்கே அவள் எடுத்த காடு அணைக்குள் மூழ்கிற்று, மேற்கே எடுத்த காட்டை ரயில் பாதை கொண்டுபோயிற்று, கடல் தாண்டிப் போய் அட்டைக் கடியோடும் காய்ச்சலோடும் எடுத்த காடு எண்ணெய்ப்பனைத் தோட்டமாயிற்று. எடுத்த காடெல்லாம் கடைசியில் அவள் படத்தில்தான் இருந்தது, வேறெங்கும் இல்லை. செத்தவர்களைக் கடைசியாகப் படம் எடுக்க வீட்டு வாசலுக்கு வரும் ஸ்டுடியோக்காரரைப் போலத் தான் ஆகிவிட்டதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஈரமுடிக்கும் மலையின் அந்தப் பக்கத்துக்கும் நடுவில், தேயிலைக்குள் செருகி வைத்ததுபோல மிஞ்சிக் கிடந்தது கூந்தப்பனைச் சோலை. அதன் வழியாகப் புது ரோடு வரப்போகிறது என்று கேள்விப்பட்டு வந்தாள். இரண்டு மழைக்காலம் தங்கி எடுத்தாள். இதுதான் கடைசி என்று முடிவு கட்டியிருந்ததால், இந்தத் தடவை படங்களை நகரத்துக்குக் கொண்டுபோகவில்லை. காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களே பார்க்கட்டும் என்று கோயமுத்தூரில் அச்சடித்து, காய்கறி லாரியில் ஏற்றிவந்து, ஈரமுடி சமுதாயக் கூடத்தின் நாலு சுவரிலும் மாட்டினாள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, நம்ம சோலையா இது, பரவாயில்லையே என்று சொல்லிப் போனார்கள். மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மழை பிடித்துக்கொண்டது.

முதல் படத்தில் பிடித்த மழை இரண்டாவதற்குப் போயிற்று, பிறகு எல்லாப் படத்திலும் பெய்தது, சாரல் கூடம் முழுக்க அடித்தது. ஈரமுடி மழைக்குப் புதிய ஊர் அல்ல, ஆகையால் யாரும் பெரிதாக வாய் பிளக்கவில்லை. மூங்கிலைப் பாதியாகப் பிளந்து படங்களுக்குக் கீழே தாங்கலாகக் கட்டி, தண்ணீரை ஒரு மூலைக்குக் கொண்டுவந்து, அங்கே அண்டாவை வைத்தார்கள். முதலில் கால் கழுவ எடுத்தார்கள், பிறகு துணி துவைக்க எடுத்தார்கள், வெயில் ஏற ஏறக் குடிக்கவும் எடுத்தார்கள். அட்டைகள் வந்ததைப் பற்றித்தான் புகார் இருந்தது, வாசலில் ஒரு சட்டியில் உப்பு வைத்த பிறகு அதுவும் நின்றது. சித்திரையில் கூடத்தில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் குடையோடு பந்தியில் உட்கார்ந்தார்கள், ரசத்தில் ஒரு தவளை குதித்தது, பெண்ணின் தாய்மாமன் அதை எடுத்துப் படத்தின் ஓரத்தில் விட்டான், அது பாசிக்குள் ஏறிப் போய்விட்டது. மழையோடு நடந்த கல்யாணம் நல்ல சகுனம் என்றார்கள். இருமல்காரர்களைக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். உம்மர் காக்கா அந்தத் தண்ணீரில் டீ போட்டார், டீயில் லேசாக ஏலக்காய் வாசம் அடிக்கிறது என்று லாரிக்காரர்கள் நிறுத்திக் குடித்தார்கள்.

பியூலா மட்டும் கூடத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

ரோடு பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டமும் அதே கூடத்தில்தான் நடந்தது, ஊரில் வேறு கூடம் கிடையாது. அதிகாரி மேடையில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். ரோட்டுக் கம்பெனியின் இன்ஜினியர் எழுந்து, கோபமில்லாமல், நயமாகத்தான் பேசினார்.

"காடு அழியுதுன்னு சொல்றாங்க. எங்கங்க அழியுது? இதோ பெய்யுது, இதோ நாம எல்லாரும் நனையறோம். மேடம் காட்டை எடுத்து ஊருக்குள்ளயே கொண்டாந்து வச்சுட்டாங்க. அங்க இருந்தா யாருக்குப் பிரயோஜனம்? இங்க இருந்தா குடிக்கத் தண்ணி."

கை தட்டினார்கள். அதிகாரி பியூலாவைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்றார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"படம் எடுத்தது நான். மழை நான் வரவச்சது இல்ல. அது அந்தச் சோலைக்க மழை. சோலை போனா இந்த மழை என்ன ஆகும்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியாது."

தெரியாது என்று சொல்கிறவளுக்கு யார் கை தட்டுவார்கள்? ஒருவரும் தட்டவில்லை. அடுத்தபடியாக முத்துராக்கு எழுந்தாள். இருபத்தைந்து வருஷம் கொழுந்து பறித்து, இடுப்பு போன பிறகு கூடம் கூட்ட வந்தவள், கூட்டத்தில் பேசத் தெரிந்தவள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஜீப்புல ஏத்தினோம். பழைய ரோட்டுல பாதி வளைவு எறங்கல, முன்னால கொழுந்து லாரி, ஒதுங்க எடம் இல்ல. ஹாரன் அடிச்சு அடிச்சு டிரைவர் அழுதுட்டான். அவரு எம் மடியிலயே போயிட்டாரு. இந்தச் சோலை வழியா ரோடு வந்தா அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒரு மணி நேரம்ங்கிறாக. எனக்கு ரோடு வேணும். அவ்வளவுதான்."

அதிகாரி தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ராக்கு டீக்கடைப் படியில் வந்து பியூலாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போட்டாக்காவுக்கு எம்மேல கோவமா?"

"இல்ல."

"கோவப்பட்டா திட்டிருங்க. மனசுல வைக்காதீங்க."

"கோவப்பட தெம்பு வேணும்லா. நீ சொன்னதுல ஒரு வார்த்தை பொய் இல்ல. எனக்கு மதியாச்சு ராக்கு."

"மதியாச்சுன்னா?"

"எங்க ஊர்ப் பேச்சு. போதும், இதுக்கு மேல முடியாதுன்னு அர்த்தம்."

ராக்கு அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "எங்களுக்கும் இப்படி ஒரு வார்த்தை இருந்திருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் படங்களோடு கிளம்பிவிடுவது என்று பியூலா தீர்மானித்தாள். முதல் படத்தின் சட்டத்தைப் பிடித்து இழுத்தாள், வரவில்லை. உம்மர் காக்கா ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார், அப்போதும் வரவில்லை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் படத்து மரங்களின் வேர் இறங்கி, காரை பெயர்ந்து, உள்ளே சிவந்த ஈரமண் தெரிந்தது. "விடுங்க மேடம், இனி இழுத்தா சுவரும் கூட வரும்" என்றார் உம்மர் காக்கா. பஸ் ஹாரன் அடித்தது, கொஞ்ச நேரம் காத்திருந்தது, போய்விட்டது. பியூலா ஈரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். போக வேண்டும் என்றும் தோன்றவில்லை, இருக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை, அதனால் இருந்தாள்.

வைகாசியில் வெட்ட ஆரம்பித்தார்கள். சோலையின் கீழ்ப் பாதியில், முதல் மரமாக ஒரு நாங்கு மரம் விழுந்தது. அதே நிமிஷம் கூடத்துக்குள் மழை வலுத்தது. அடுத்த மரம் விழுந்தது, இன்னும் வலுத்தது. விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் உரிய மழை எங்கே போவதென்று தெரியாமல், தெரிந்த இடம் இது ஒன்றுதான் என்று, கூடத்துக்கு வந்து சேர்ந்தது. "வீடு இடிஞ்சவன் சொந்தக்காரன் வீட்டுக்குத்தானே வருவான்" என்றார் உம்மர் காக்கா, அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. அண்டா போதவில்லை. தரையை வெட்டி வாய்க்கால் எடுத்தார்கள், வாய்க்கால் வாசல் தாண்டிக் கடைவீதி வழியாக ஓடிற்று. கடைக்காரர்கள் படிகளை உயர்த்திக் கட்டிக்கொண்டார்கள், செருப்புக் கடைக்காரர் செருப்புகளை நூலில் கோத்து மேலே தொங்கவிட்டார். வாய்க்காலில் அயிரை மீன் தென்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேஸ்திரிகள் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள்.

ஆனியில் மேகம் வந்தது. எப்போதும்போல மேற்கேயிருந்து, கறுத்து, உறுமிக்கொண்டு வந்தது. ஈரமுடிக்கு மேலே வந்ததும், வாசல் தெரியாமல் தடுமாறுகிற விருந்தாளியைப் போலக் கொஞ்சம் நின்று, கலைந்து, அந்தப் பக்கம் போய்விட்டது. தேயிலையில் ஒரு சொட்டு விழவில்லை, கூடத்துக்குள் இடி இடித்தது. ஆடி பிறந்தது. ஆடியில் குடையில்லாமல் நடந்த ஆளை ஈரமுடியில் அதுவரை யாரும் பார்த்ததில்லை, இப்போது எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். தேயிலை செம்பட்டையாயிற்று, பிறகு துரு நிறமாயிற்று. கொழுந்து இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அடுப்பு இல்லை. பெண்கள் வெறுங்கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இருந்தது, கடைவீதி முழுக்க ஓடிற்று, தின்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

எஸ்டேட் மேனேஜர் நஞ்சப்பன், லைன் வீட்டுக்காரர்கள் பெரியதுரை என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் ஜீப்பிலிருந்து இறங்கி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். நல்ல மனுஷன்தான். அவருக்கும் பல நாளாகத் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், பியூலா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு முன்னால் நின்றார்.

"பம்பு வச்சு இறைச்சுப் பார்த்தேங்க. வேர்ல ஊத்தினா தேயிலை கேக்காது, இலையில விழணும். ஒரே வழிதான் தெரியுது. சோலையில மேல்பாதி இன்னும் நிக்குது. அதையும் நீங்க படமா எடுத்துக் குடுத்துருங்க. தோட்டத்துக்கு நடுவால கம்பம் நட்டு வரிசையா மாட்டறேன். அப்புறம் ரோட்டுக்காரங்க மேல்பாதியை வெட்டினா, அந்த மழை நேரா தேயிலையில விழும். ரோடும் வரும், தேயிலையும் பொழைக்கும், இவங்களுக்கு வேலையும் வரும். யாருக்கும் நஷ்டமில்லை."

வாசலில் கூடைகளோடு வந்து நின்ற பெண்கள் எல்லாரும் பியூலாவைப் பார்த்தார்கள். ஒருத்தி, "எடுத்துக் குடுங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றாள். இன்னொருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். பியூலாவால் அந்தக் கும்பிட்ட கையைப் பார்க்க முடியவில்லை. அவள் வாழ்க்கையில் யாரும் அவளிடம் ஒரு காட்டைப் படம் எடுத்துத் தரச் சொல்லிக் கெஞ்சியதில்லை. முதல்தடவையாகக் கேட்கிறார்கள், அதுவும் மிச்சக் காட்டை வெட்டுவதற்காக.

"நாளைக்குப் போறேன்" என்றாள்.

விடிந்ததும் காமிராப் பையைத் தூக்கிக்கொண்டு, காய்ந்த தேயிலைக்கு நடுவில், காலடியில் சுள்ளி நொறுங்க நொறுங்க ஏறினாள். வெட்டிய கீழ்ப் பாதியைத் தாண்டினாள், அங்கே அடிக்கட்டைகள் வெயிலில் பிளந்து கிடந்தன, மேலே பருந்து சுற்றிற்று. அதைத் தாண்டி மேல்பாதியின் விளிம்பில் காலை வைத்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. படத்து மழை இல்லை, வானத்திலிருந்து மேகம் இறங்கி, கூந்தப்பனையின் உச்சியில் உட்கார்ந்து, இலையிலிருந்து இலைக்கு, இலையிலிருந்து கிளைக்கு, கிளையிலிருந்து அவள் தலைக்கு இறங்குகிற, நேரான, சாதாரண மழை. எங்கோ மேலே இருவாச்சிப் பறவை ஒன்று இறக்கையை அடித்துக்கொண்டு கடந்தது. சோலையின் ஓரத்தை ஒட்டியிருந்த தேயிலை வரிசைகள் மட்டும் பச்சையாகவே நின்றதை அப்போதுதான் கவனித்தாள்.

முக்காலியை விரித்தாள். காமிராவைப் பூட்டினாள். குடையைப் பிடித்தாள். உலை கொதிக்கிற நேரம் நின்றாள், இரண்டு உலை கொதிக்கிற நேரமும் நின்றாள். விரல் போய்ப் பொத்தானில் உட்கார்ந்தது, அழுத்தவில்லை. அழுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கு முன்பெல்லாம் தெரியாது, இப்போது தெரிந்திருந்தது, அதுதான் கஷ்டம். அழுத்தாவிட்டால் அந்தக் கும்பிட்ட கைக்கு என்ன பதில் சொல்வது? குடையை மடக்கிவிட்டு, ஒரு வேரின் மடியில் சாய்ந்து உட்கார்ந்தாள். மழை முகத்தில் விழுந்தது. அப்படியே கண் அயர்ந்துவிட்டாள்.

யாரோ தோளைத் தொட்டார்கள். முத்துராக்கு. தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"மத்தியானம் ஆச்சு, ஆளக் காணமேன்னு வந்தேன். அட்டை ஏறியிருக்கு பாருங்க காலுல." குனிந்து அட்டையைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். அவள் பிறந்ததே இந்த மலையில்தான், ஆனால் கொழுந்துக் கூடையைச் சுமக்கிறவளுக்குச் சோலைக்குள் என்ன வேலை, ஓரத்தில் கொழுந்து பறித்திருக்கிறாள், உள்ளே வந்ததில்லை. சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு முகத்தை மேலே தூக்கினாள். வெகு நேரம் அப்படி இருந்தாள். அழுகிறாளா நனைகிறாளா என்று பியூலாவுக்குத் தெரியவில்லை.

"இங்க பெய்யுதேக்கா."

"ஆமா."

"நம்ம ஊருக்குத்தான் மழை இல்லாமப் போச்சுன்னு நெனச்சேன். இங்கயே இருந்திருக்கு."

"அதுக்க வீடு நிக்கிற எடத்துல அது பெய்யுது."

ராக்கு காமிராவைப் பார்த்தாள். "எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

ராக்கு தலையை ஆட்டினாள். பிறகு, தன்னோடு தானே பேசுகிறவளைப் போல மெதுவாகச் சொன்னாள். "கீழ கூடத்துல நான் தெனம் தொடைக்கேன். அங்க பெய்யிற மழை எதையும் வளக்கல போட்டாக்கா. பாசி, தவள, அட்ட. இம்புட்டு நாளுல ஒரு கன்னு மொளைக்கல. இங்க பாருங்க, கால வைக்க எடமில்லாம மொளைச்சுக் கெடக்கு." குனிந்து ஒரு கன்றின் இலையைத் தொட்டாள். "எடுக்காதீங்க. கீழ உள்ளவளுகளுக்கு நான் பதில் சொல்லுதேன்."

"அப்ப ரோடு?"

"ரோடு எனக்கு வேணும். அதுல மாத்தம் இல்ல. ஆனா வேற வழியில வரட்டும்."

அடுத்த நாள் கூடத்தில் அவள் பதில் சொன்னாள். அது லேசில் முடியவில்லை. பெண்கள் கத்தினார்கள், புருஷன்மார் கத்தினார்கள், பசித்த வயிற்றுக்குச் சோலையைக் காட்டுகிறாயா என்று ஒருத்தி ராக்குவின் மேல் வெறுங்கூடையை எறிந்தாள். ராக்கு கூடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி சொன்னதையே சொன்னாள். வாயால் சொல்லி முடியாதபோது, வாங்கடி என்று நாலு பேரை இழுத்துக்கொண்டு மேலே போனாள். அவர்கள் நனைந்து திரும்பி வந்து இன்னும் எட்டுப் பேரை அழைத்துப் போனார்கள். ஆடி முடிவதற்குள் லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு தடவையாவது நனைந்து வந்திருந்தார்கள். கடைசியாக நஞ்சப்பன் வந்தார். சோலை ஓரத்துப் பச்சை வரிசையில் நின்று, ஒரு கொழுந்தைக் கிள்ளி, விரலுக்கு நடுவில் உருட்டி, மோந்து பார்த்தார்.

"புது ரோடு தேயிலைக்குள்ள போகட்டும் தொரை" என்றாள் ராக்கு. "கருகினதுதானே, அதை வச்சு என்ன பண்ணப் போறீக?"

"அது எங் கையில இல்லம்மா. கம்பெனி நிலம்."

"எங் கையிலயும் ஒண்ணும் இல்ல. தொடைப்பக்கட்டதான் இருக்கு. அதுக்காகக் கேக்காம இருக்க முடியுமா?"

நஞ்சப்பன் சிரிக்க முயன்றார், வரவில்லை. இருந்தாலும் போய்க் கேட்டார். தேயிலைக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். சோலையின் மேல் இரக்கப்பட்டு அவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள் என்று யாரும் கதை கட்ட வேண்டியதில்லை. கருகிப்போன தேயிலையை வேரோடு பிடுங்குவது எப்படியும் செலவு, அதை ரோட்டுக்காரன் பிடுங்கிக்கொண்டு போனால் லாபம், அந்தக் கணக்கில்தான் கொடுத்தார்கள். ரோடு கொஞ்சம் சுற்றிக்கொண்டு போயிற்று. சோலையின் மேல்பாதி நின்றது. அதன் மழை ஆவணியிலும் புரட்டாசியிலும் ஓரத்து வரிசைகளைத் தாண்டி, வரிசை வரிசையாக, தயங்கித் தயங்கி, தேயிலைக்குள் நடந்து வந்தது. பாதித் தோட்டம் பிழைத்தது, பாதி பிழைக்கவில்லை. லைன் வீடுகளில் சில குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. கூடையை எறிந்தவளும் போய்விட்டாள், போகும்போது ராக்குவிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

வெட்டின கீழ்ப் பாதியின் மழை திரும்பிப் போகவில்லை. அது போவதற்கு இடம் இல்லை. கூடத்தில் பெய்துகொண்டே இருந்தது, ஊர் அதை வைத்துக்கொண்டது. பின்னால் தகரம் போட்டுக் கல்யாணத்துக்குத் தனியாக ஒரு கூடம் கட்டினார்கள், ஆனாலும் தாலி கட்டுகிற நேரத்துக்கு மாப்பிள்ளையையும் பெண்ணையும் பழைய கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தித் தலையை நனைத்து அழைத்துப் போவது வழக்கமாயிற்று.

அடுத்த தை மாதம் ரோடு திறந்தது. முதலில் ஆம்புலன்ஸ் ஒன்று வெறுமனே ஓடிக் காண்பித்தது. அதை ராக்கு ஓரமாக நின்று பார்த்தாள், கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள், கூடத்துக்குத் திரும்பி வந்து துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த ரோட்டில்தான் மற்ற ஊர்க்காரர்கள் வந்தார்கள். தெற்கே ஒரு மலையிலிருந்து நாலு பேர், சேற்றுக் காலோடு, டீக்கடை மாடியேறி வந்து நின்றார்கள். அங்கே ஒரு சோலையை வெட்டப்போகிறார்களாம், கல் குவாரிக்காம்.

"நீங்க வந்து படம் எடுக்கணும்" என்றார் அவர்களில் மூத்தவர்.

"நான் எடுத்தா வெட்டுறதுக்குச் சாக்காயிடும்யா. இங்க என்ன நடந்துதுன்னு கேட்டுப் பாருங்க. நான் வரல்ல. எனக்கு மதியாச்சு."

"கேட்டுத்தாம்மா வந்தோம்." அந்தப் பெரியவர் சண்டை போடுகிற ஆள் இல்லை, அவரும் களைத்துத்தான் இருந்தார். "நீங்க வந்தாலும் வெட்டுவான், வராட்டியும் வெட்டுவான். நீங்க வந்தா மழையாவது மிஞ்சும்."

பியூலா குனிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து காமிராப் பையை இழுத்தாள். பை கனத்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது முத்துராக்கு அங்கே ஒரு துணிப்பையோடு, சீவி முடித்த தலையோடு நின்றாள். கூடத்துச் சாவியை உம்மர் காக்காவிடம் கொடுத்திருந்தாள்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"ஒங்க கூடத்தான். நீங்க படம் புடிங்க, புடிக்காமக் கூட இருங்க, அது ஒங்க பாடு. அங்க உள்ள பொம்பளைகளக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வேணும்ல?"

"அங்க ஒனக்கு யாரைத் தெரியும்?"

"இங்க மட்டும் ஒங்களத் தெரிஞ்சா வந்தீக?"

பஸ் கிளம்பிற்று. புது ரோடு வழுவழுவென்று கிடந்தது, டிரைவர் உற்சாகமாக மிதித்தார். ஒரு பக்கம் பிழைத்த தேயிலை, மறுபக்கம் பிழைக்காத தேயிலை, தூரத்தில் மேல்பாதிச் சோலையின் மேல் மேகம். பியூலா எதையும் பார்க்கவில்லை. வளைவு ஒன்றில் அவள் தலை சாய்ந்து ராக்குவின் தோளில் விழுந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது, காமிராப் பையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பல வருஷத்துத் தூக்கம் அது. ராக்கு தோளை அசைக்காமல், மற்றக் கையை நீட்டிக் கண்டக்டரின் சட்டையைத் தொட்டாள்.

"தம்பி, டிரைவர்ட்ட சொல்லு, கொஞ்சம் மெதுவாப் போகட்டும்."

"ஏங்கம்மா, யாருக்கும் முடியலையா?"

"தூங்குறாக" என்றாள் ராக்கு.